தோமாசு பாட்டா சரித்திரம்

நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் இத்திங்கள் யாம் எழுதப் புகுவது செருப்புத் தைக்கும் குடியிற் பிறந்த ஒருவரது சரித்திரமாகும். நம் சங்கப் பத்திரிகையில் இத்தகையோர் கதை எற்றுக்கு என்று முகஞ்சுளிப்பார் சிலர் இருத்தல் கூடும். அவர்கள் சற்றே பொறுத்து, தம் மக்கள் பள்ளிக்கூடத்துத் தேகப்பயிற்சிக்கு அணிந்து செல்லும் வெள்ளைக் கான்வாஸ் பூட்ஸின் உட்புறத்தை ஒருமுறை நோக்குவாராக. பல வீடுகளில் அங்கே பாட்டா என்னும் பெயர் அச்சிடப்பட்டிருக்கக் காணலாம். டாட்டா என்னும் பெயரோடு ஓசை ஒத்திருத்தலாலோ, பிறந்த நாள்தொட்டுக் கடைவீதியிற் கண்டு பழகியமையாலோ, இஃது இந்தியாவில் தோன்றிய வாணிகமென்றே நம்மவரிற் பலர் கருதியிருக்கின்றனர். அஃது ஐரோப்பாவின் நடுவே, கடற்கரையே இல்லாத ஒரு நாட்டில், சிற்றூர் ஒன்றிற் பிறந்த ஒருவரின் குடிப்பெயர். அவர் தோற்றுவித்த வாணிகம் இன்று 70-க்கும் மேற்பட்ட நாடுகளிற் பரவியிருக்கின்றது. பல்லாயிரம் மக்களை அவர் எங்ஙனம் வைத்து நடத்தினார் என்பதையே யாம் இங்குச் சற்று விரித்துரைப்போம். கடையோ கிடங்கோ பட்டறையோ வைத்து நாலு பேருக்குக் கூலி கொடுக்கும் குடும்பங்கள் நம்மிடையே மிகுந்து வருதலின், அச்செய்தி நமக்கு அயலானதாகாது.

தோமாசு பாட்டா 1876-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ஆம் நாள் மொராவியா நாட்டு ஸ்லீன் என்னும் ஊரிற் பிறந்தார். அந்நாடு அக்காலத்தில் ஆஸ்திரிய ஹங்கேரிச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பின்னர்ச் செக்கோஸ்லோவாகியாவின் பகுதியாயிற்று. இப்பொழுது செக் குடியரசில் அடங்கியுள்ளது. அவருடைய முன்னோர் பல தலைமுறையாகச் செருப்புத் தைத்துச் சந்தைகளில் விற்றுப் பிழைத்தவர்கள். தாயார் பிள்ளையின் இளமையிலேயே இறந்துபோனார். தந்தையாரிடம் தொழில் கற்ற மைந்தர், பதினைந்தாம் வயதில் வியன்னா நகருக்குச் சென்று தனியே தொழில் நடத்த முயன்று, கைப்பொருளிழந்து வீடு திரும்பினார்.

1894-ஆம் ஆண்டில், தம் தமையனார் அந்தோனினும் தமக்கையார் அன்னாவும் உடனிருப்ப, தாய்வழி வந்த 800 குல்டன் பணத்தை முதலாக வைத்துத் தோமாசு ஸ்லீனிற் சிறு தொழிற்சாலை ஒன்று தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு. அவர்கள் கடனுக்குத் தோல் வாங்கினார்கள். தவணைச் சீட்டுகளிற் கையெழுத்திட்டார்கள். ஓராண்டு கழிவதற்குள் கடன் முதலைப் பன்மடங்கு விஞ்சி நின்றது. தமையனார் அச்சமயத்தில் இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டமையின், பாரமனைத்தும் இளையவர் தலையில் விழுந்தது.

அவர் ஊரைவிட்டு ஓடினாரல்லர். தோல் வாங்கப் பணமில்லை. ஆதலின் மலிவான முரட்டுத் துணியை மேலே வைத்து, தோலை அடியில் மட்டும் வைத்துச் செருப்புத் தைத்தார். ஏழைகள் அதனை விரும்பி வாங்கினர். கடன்கள் அடைந்தன. பின்னாளில் அவருடைய நிலையத்துக்குப் பெரும் பேர் தந்த துணிச் செருப்பு இங்ஙனம் வறுமையின் வயிற்றிற் பிறந்ததேயாகும். நம் பிள்ளைகள் காலிலிருக்கும் கான்வாஸ் பூட்ஸையும் அதன் வழித்தோன்றல் என்னலாம். அன்று முதல் கடன் என்னும் சொல்லே அவருக்கு வேம்பாயிற்று என்பது அவர் பிற்காலத்து நடையாற் புலனாகின்றது.

1904-ஆம் ஆண்டில் அவர் தம் வேலையாட்கள் மூவரை உடனழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மாசசூசெட்ஸ் மாகாணத்தில் லின் என்னும் ஊர் செருப்புத் தொழிலுக்குத் தலைமை பெற்றிருந்தது. தம் ஊரில் முதலாளியாயிருந்த அவர், அங்கே ஒரு தொழிற்சாலையிற் கூலியாளாய்ச் சேர்ந்து, பொறிகளின் முன் நின்று கைகளால் வேலை செய்து கற்றார். பார்வையாளராய்ப் போய்ச் சுற்றிப் பார்த்து வருதல் எளிது. முதலாளியாயிருந்தவர் பிறர் பட்டறையிற் கூலிக்கு நிற்பதற்கு மனவலி வேண்டும். திரும்பி வந்தபின், 1905-ஆம் ஆண்டளவில் அவர் தொழிற்சாலை 250 ஆட்களைக் கொண்டு நாளொன்றுக்கு 2,200 இணைச் செருப்புகள் செய்தது. தமையனார் 1908-ஆம் ஆண்டில் நோயுற்று இறந்தார். 1914-ஆம் ஆண்டு மகாயுத்தம் மூண்டபொழுது, தோமாசு வியன்னாவுக்கு விரைந்து சென்று போர்வீரர்க்கு 50,000 இணைப் பூட்ஸ் செய்யும் கட்டளையைப் பெற்றுவந்தார். அவ்வேலையிலிருந்தோர் போர்முனைக்குச் செல்லாது உயிர் தப்பினர். தொழிற்சாலை பன்மடங்கு பெருகியது இக்காலத்தில்தான். யுத்தத்தாற் செல்வம் சேர்ந்தது என்னும் குறையை அவர்மீது சுமத்துவாரும் உளர். அது முற்றும் பொய்யன்று.

இனி அவர் வாழ்க்கையின் நடுநாயகமான செய்திக்கு வருவோம். யுத்தம் முடிந்து சக்கரவர்த்தியின் ஆட்சி சிதைந்து, செக்கோஸ்லோவாகியா என்னும் புதுக் குடியரசு எழுந்தது. அரசாங்கத்தார் தம் நாணயத்தின் மதிப்பை உயர்த்தினர். நாணயம் உயரவே, வெளிநாட்டார் அந்நாட்டுச் சரக்கை வாங்குதல் அரிதாயிற்று. உள்நாட்டாரோ விலை இன்னும் இறங்குமென்று காத்திருந்தனர். கிடங்குகளிற் சரக்குத் தேங்கியது. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாய்க் கதவடைத்து ஆட்களை வீட்டுக்கனுப்பின. மஞ்சள் விலை வீழ்ந்த ஆண்டுகளில் ஈரோட்டுக் கிடங்குகளில் மூட்டைகளை அடுக்கிவைத்துக்கொண்டு, இன்று ஏறுமோ நாளை ஏறுமோ என்று காத்திருந்த அன்பர்களுக்கு அந்நிலைமையை விளக்கவேண்டுவதில்லை.

1922-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் நாள், பாட்டா தம் செருப்புகள் அனைத்தின் விலையையும் பாதியாகக் குறைத்தார். விலையுயர்வு என்னும் சொல்லை ஓங்கிய முட்டியொன்று நொறுக்குவதாகத் தீட்டிய சுவரொட்டிகள் நாடெங்கும் காணப்பட்டன. உடன்தொழிலோர் நகைத்தனர், ஒரு மாதத்தில் முறிந்துபோவார் என்றனர். மக்களோ கடைகளை முற்றுகையிட்டனர். தேங்கிய சரக்கு விற்றுத் தீர்ந்தது; பொறிகள் ஓயாது ஓடின; ஏனையோர் விலை குறைக்கத் துணிவதற்குள் அவர் நெடுந்தூரம் முன்னேறிவிட்டார்.

ஆயினும் இதன் மறுபுறத்தை மறைத்தல் தகாது. அதே நாளில் அவர் தம் தொழிலாளரின் கூலியை நூற்றுக்கு 40 விழுக்காடு குறைத்தார். அதற்கு ஈடாக, உணவும் துணியும் பிற வீட்டுச் சாமான்களும் தொழிற்சாலைப் பண்டகசாலையிற் பாதி விலைக்குக் கிடைக்கச் செய்தார். எவரையும் வேலையினின்று நீக்காமல் வைத்திருப்பதாகவும் உறுதி கூறினார். கூலியாளன் நட்டத்தில் பாதியைச் சுமந்தான். முதலாளியும் தம் சரக்கின் மதிப்பிற் பாதியை இழந்தார். இஃது ஒப்பானதோ என்று கேட்பார்க்கு, ஒப்பன்று என்றே யாம் விடை கூறுவோம். பாதி இழந்த செல்வருக்கு மற்றைப் பாதி மிஞ்சும். பாதி இழந்த ஏழைக்கு அடுப்பு மிஞ்சும். ஆனால் மற்றைத் தொழிற்சாலைகளில் அவ்வடுப்பிற்கு உலையரிசியும் இல்லாது போயிற்று என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.

இந்நிகழ்ச்சியின்பின் அவர் செய்த ஏற்பாடே எம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. 1924-ஆம் ஆண்டளவில் அவர் தம் பெருந்தொழிற்சாலையைச் சிறு சிறு பட்டறைகளாகப் பிரித்தார். தோல் வெட்டும் பட்டறை, மேற்புறம் தைக்கும் பட்டறை, அடிப்புறம் பூட்டும் பட்டறை என ஒவ்வொன்றும் தனிக்கடை போன்றது. வெட்டும் பட்டறை தான் வெட்டிய தோலைத் தைக்கும் பட்டறைக்கு முன்னரே குறித்த விலைக்கு விற்கும். தைக்கும் பட்டறை அதனைச் சோதித்துப் பார்த்து, பழுதாயின் வாங்க மறுக்கும். ஆதலின் மேற்பார்வைக்காரன் ஒருவன் கோலோடு நின்று அதட்டவேண்டிய தேவை குறைந்தது. பழுதைத் தடுக்கும் காவல், அடுத்த பட்டறைக்காரனின் இலாபத்திலேயே அமைந்துவிட்டது.

வாரந்தோறும் ஒவ்வொரு பட்டறைக்கும் கணக்கு முடிக்கப்பட்டது. இவ்வளவு வாங்கினோம், இவ்வளவு விற்றோம், விளக்குக்கும் பொறிக்கும் இவ்வளவு, கூலி இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று எல்லோரும் காணுமாறு எழுதிவைத்தனர். அம்மிச்சத்திற் குறித்த பங்கு தொழிலாளர்க்குச் சேர்ந்தது. பட்டறைத் தலைவனுக்கோ இலாபத்திலும் பங்குண்டு, நட்டத்திலும் பங்குண்டு. கீழுள்ளோர்க்கு இலாபத்தில் மட்டுமே. பங்குத்தொகையிற் பாதியைக் கையிற் கொடுத்து, மறுபாதியைத் தொழிலாளியின் பெயரிற் கணக்கில் வைத்து நூற்றுக்குப் பத்து வட்டி அளித்தனர். எல்லாத் தொழிலாளர்க்கும் இப்பங்கு கிட்டியதன்று, தேர்ந்தெடுத்தோர்க்கே கிட்டியது. அங்ஙனமாயினும், கல்வி குறைந்த ஒரு தையற்காரன் தன் பட்டறையின் வரவு செலவை வாரக்கடைசியில் தானே படித்துணர்ந்தான் என்பது அக்காலத்திற் சிறு செய்தியன்று.

ஈண்டு ஒன்று கூறத் தோன்றுகின்றது. நம் கடைகளிற் கணக்குப்புத்தகம் இருக்குமிடம் எது? முதலாளியின் மேசைப்பெட்டி. அதன் திறவுகோல் இருக்குமிடம் அவர் அரைஞாண். இருபதாண்டு உடனிருந்து உழைத்த குமாஸ்தாவுக்கும் அவ்வாண்டு இலாபமா நட்டமா என்பது தெரியாது. தீபாவளிக்கு வேட்டி கொடுத்தால் இலாபம் போலும் என்று அவன் ஊகித்துக்கொள்வான். எம் உறவினர் ஒருவரின் கடையில் யாம் இளமையில் விடுமுறைக்காலங்களிற் கணக்கெழுதியதுண்டு. ஒருநாள், அன்றைய விற்பனைத் தொகையைக் கேட்ட பையன் ஒருவனுக்கு விடையாகக் கிடைத்தது ஓர் அறை. அவன் ஏதும் திருட நினைத்துக் கேட்டானல்லன். தான் அளந்து கொடுத்த துணி எவ்வளவுக்குப் போயிற்று என்றறியும் ஆவலாற் கேட்டான். பாட்டாவின் வரலாற்றைப் படிக்குந்தோறும் அப்பையன் முகம் எம் நினைவுக்கு வருகின்றது.

கடைகளிலும் இம்முறையே நிலவியது. கடைத்தலைவனுக்கு விற்பனைக்கேற்பப் பங்கு உண்டு. சரக்குக் குறைந்தால் பொறுப்பும் உண்டு. வருவோர் காலை அளந்து பார்த்து ஏற்ற செருப்பைக் கொடுத்தல், பழைய செருப்பைச் செப்பனிட்டுத் தருதல், பாதங்களைக் கழுவி ஆணியும் வெடிப்பும் நீக்குதல் ஆகிய பணிகளையும் அக்கடைகள் செய்தன. பிறர் காலைத் தொட்டுக் கழுவுதலை இழிவென்று கருதாத வாணிகம் அது. விலை யாவர்க்கும் ஒன்றே, பேரம் இல்லை. அந்தியூர் மாட்டுச்சந்தையில் துண்டுக்குள் விரல்பிடித்து விலைபேசிப் பழகிய நமக்கு அது சுவையற்றதாய்த் தோன்றலாம். ஆனால் பேரம் பேசத் தெரியாத ஏழையும் பேசத் தெரிந்த செல்வனும் அங்கே ஒரே விலை கொடுத்தார்கள். இன்னொன்று: விலைகளை 9 என்னும் எண்ணில் முடியுமாறு குறிக்கும் வழக்கத்தைத் தம் நாட்டில் எங்கும் பரப்பியவர் அவரே; அதற்குப் பாட்டா விலை என்றே அங்குப் பெயர் வழங்குகின்றது. ஒரு ரூபாயைக் குறைத்து நம் கண்ணை ஏமாற்றும் அவ்வித்தையை யாம் மெச்சவில்லை.

1923-ஆம் ஆண்டில் ஸ்லீன் நகரமக்கள் அவரை நகரத்தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அவர் தொழிலாளர்க்குச் செங்கல் வீடுகள் கட்டி, ஒவ்வொன்றைச் சுற்றியும் தோட்டம் அமைத்தார். தொழிற்சாலைக் கட்டடங்கள் யாவும் 6.15 மீட்டர் சதுரத்தை அளவுகோலாகக் கொண்டு, ஒரே அச்சில் வார்த்தாற்போல எழுந்தன. 1927-ஆம் ஆண்டில் மருத்துவசாலை திறந்தார். அதற்கு முன்னரே, 1925-ஆம் ஆண்டில், இளைஞர்க்கு ஒரு தொழிற்பள்ளி நிறுவினார். அங்கே சேர்ந்த சிறுவர்கள் பகலிற் பட்டறையில் உழைத்து, மாலையிற் கல்வி கற்று, தம் கூலியிலிருந்தே உண்டியும் உடையும் வாங்கி, மிச்சத்தைச் சேமித்தல் வேண்டும். வீட்டிலிருந்து பணம் வருவிக்கலாகாது. ஒலிம்பிக் பந்தயங்களில் நான்கு தங்கப்பதக்கங்கள் வென்ற எமில் ஜாடோபெக் என்னும் ஓட்டவீரர், பாட்டாவின் காலத்துக்குப்பின் ஸ்லீனில் அத்தொழிற்சாலையைச் சார்ந்து வளர்ந்த பிள்ளையேயாவர். ஆசிரியத் தொழிலிலிருக்கும் எமக்கு அப்பள்ளி குறித்து இருவேறு எண்ணம் உண்டு. தன் உழைப்பால் உண்ணும் பிள்ளை நிமிர்ந்து நிற்பான் என்பது உண்மை. பதினான்கு வயதிற் காலைமுதல் மாலைவரை பொறியின்முன் நின்ற பிள்ளைக்கு இரவில் இலக்கணம் ஏறுமோ என்பதும் கேட்கத்தக்கதே.

இவ்வளவு கொடுத்தவர், ஒன்றை மட்டும் கொடுக்க மறுத்தார். தொழிலாளர் தம்முட் சங்கமாகக் கூடித் தம்மோடு எதிர்நின்று பேசும் உரிமையை அவர் விரும்பவில்லை. 1906-ஆம் ஆண்டில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின்போதே, அதில் ஈடுபட்டோரைத் திரும்பச் சேர்க்க மறுத்தார். அவர் கட்டிய வீட்டில் வாழ்ந்து, அவர் பண்டகசாலையில் வாங்கி, அவர் பத்திரிகையைப் படித்து, அவர் மருத்துவசாலையிற் பிள்ளை பெற்ற ஒருவன், அவரோடு மாறுபட்டால் எங்கே போவான்? வேலையோடு வீடும் ஒருங்கே போகும். கணக்கைத் திறந்து காட்டினார்; கதவின் தாழைத் தம் கையில் வைத்துக்கொண்டார். சங்கமாகக் கூடுதலின் பயனை அனுபவித்துவரும் நம்மனோர் இக்குறையைக் குறையென்று அறியாதிருத்தல் இயலாது.

அவரால் வாழ்ந்தோர் ஒருபுறமிருப்ப, அவரால் தொழிலிழந்தோரையும் நினைத்தல் வேண்டும். பொறியில் வந்த மலிவுச் செருப்பின்முன் கையாற் தைப்போர் நிற்கமாட்டாமல் பல நாடுகளிலும் முறையிட்டனர். சுவிட்சர்லாந்து முதலிய நாடுகள் சட்டத்தாலும் சுங்கத்தாலும் தடுக்க முனைந்தன. கோபிசெட்டிபாளையத்துச் சுற்றூர்களிலும் இக்கதை நிகழ்ந்ததே. தடப்பள்ளி வாய்க்காற் பாசனமில்லாத மேட்டுக்காடுகளிற் கவலை பூட்டி நீரிறைத்த காலத்தில், சாலின் தோல்வாலைத் தைத்துக் கொடுத்தவனும், நம் பாட்டன்மார் காலுக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்தவனும் ஒருவனே. அவனுக்குக் களத்தில் தானியம் அளந்தனர். மின்சார மோட்டார் வந்தது, கவலை போயிற்று. கடைச்செருப்பு வந்தது, அவன் கையூசியும் போயிற்று. எம் தந்தையார்க்குச் செருப்புத் தைத்த முதியவர் ஒருவர் எம் வீட்டு வாசலுக்கு அப்பால் நின்றே அளவெடுத்ததை யாம் சிறுவயதிற் கண்டதுண்டு. அவர் எம் வீதியைக் கடக்கும்பொழுது, தாம் தைத்த தம் செருப்பைக் கழற்றிக் கையிற் பிடித்துக்கொண்டு நடப்பார். பாரியூர்க் காளியம்மன் குண்டத்தில் வெறுங்காலோடு இறங்குதல் பக்தி. அம்முதியவரின் வெறுங்கால் எம்மனோர் வைத்த கட்டளை. அக்காலத்தில் அஃது எமக்கு வியப்பாயிருக்கவில்லை என்பதே இப்பொழுது எமக்கு நாணந்தருகின்றது. ஸ்லீன் நகரத்தார் செருப்புத் தைப்பவர் மகனை நகரத்தலைவராக்கினர் என்று மேலே எழுதியபொழுதும் அம்முதியவரையே எண்ணினோம்.

பாட்டா 1931-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் சொந்த ஆகாயவிமானத்திற் புறப்பட்டுக் கீழ்நாடுகளை நோக்கி வந்தார். நம் நாட்டில் தோல் மலிந்திருத்தலையும், கோடிக்கணக்கான மக்கள் வெறுங்காலோடு நடத்தலையும் நேரிற் கண்டார். பிற நாடுகள் சுங்கச்சுவர் எழுப்புவதால், அங்கங்கே தொழிற்சாலை கட்டி அங்கங்கே விற்றலே வழியென்னும் முடிவுக்கும் அவர் முன்னரே வந்திருந்தார். இந்தியாவில் அவர் நிலையம் 1931-ஆம் ஆண்டிற் பதிவு செய்யப்பட்டது. கல்கத்தாவுக்கு அருகே கொன்னகரில் வேலை தொடங்கியது. ஊக்ளி ஆற்றங்கரையிற் பாட்டாநகர் என்னும் புதிய ஊருக்கு 1934-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்லீனின் மறுபதிப்புப் போலவே அவ்வூர் அமைந்தது. சிறு காயமும் இசிவுநோய்க்கு வழியாகலாம், ஆதலாற் காலுறை அணிக என்று அந்நிலையத்தார் 1930-களில் இந்தியப் பத்திரிகைகளில் விளம்பரஞ் செய்தனர். அச்சுறுத்தி விற்றல் என்று அதனை இகழலாம். ஆயினும் வயலிலும் தொழுவத்திலும் முள்ளும் ஆணியும் தைத்து மாண்டவர்களை அறிந்த குடியானவர் அதனை வீண்பேச்சு என்னார்.

பாட்டாநகர் எழுந்ததை அவர் காணவில்லை. 1932-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12-ஆம் நாள் விடியற்காலையில் அவர் சுவிட்சர்லாந்திலுள்ள மோலின் என்னும் ஊர்த் தொழிற்சாலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஸ்லீனுக்கு அருகே ஒட்ரோகோவிட்ஸே என்னுமிடத்து விமானத்துறையிற் கடும்பனி மூடியிருந்தது. பனி விலகுமட்டும் காத்திருத்தல் நலமென்பதைச் செவிமடாது புறப்பட்டார். விமானம் எழுந்த சிறிது நேரத்திற் கீழே விழுந்தது. அவரும் விமானியும் மாண்டனர். அவருக்கு வயது 56. பிறர் சொல்லைக் காத்திருந்து கேளாத அவ்வியல்பே அவரை உயர்த்தியது. அதுவே அவரை வீழ்த்தியது. அப்பொழுது அவர் நிலையத்திற் பதினாறாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். கடைகள் 1,600-க்கு மேலிருந்தன.

அவருக்குப்பின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பியாராகிய யான் அந்தோனின் பாட்டா நிலையத்தை ஏற்று மேலும் பெருக்கினார். 1938-ஆம் ஆண்டில் ஸ்லீனில் அவர் கட்டிய உயர்ந்த மாளிகையில் முதலாளியின் அலுவலகவறையே மின்தூக்கியாக அமைந்து, மாடிக்கு மாடி ஏறி இறங்கியது. அடுத்த ஆண்டு ஜெர்மானியர் நாட்டைக் கைப்பற்றினர். 1945-ஆம் ஆண்டில் செக்கோஸ்லோவாகிய அரசாங்கம் அங்கிருந்த தொழிற்சாலைகளைத் தனதாக்கிக்கொண்டது. 1949-ஆம் ஆண்டில் ஸ்லீன் என்னும் பெயரையும் நீக்கி, ஆளுங்கட்சித் தலைவர் ஒருவர் பெயரால் கொட்வால்டோவ் என்று அழைத்தனர். தோமாசின் மைந்தர் தாமஸ் கனடாவிலிருந்து உலகெங்குமுள்ள கடைகளை நடத்திவந்தார். 1989-ஆம் ஆண்டு இறுதியில் அவ்வாட்சி கவிழ்ந்தபொழுது அவர் பிறந்த ஊருக்குத் திரும்பினார். நாற்பதாண்டு அவர் குடிப்பெயரை இகழக் கேட்டு வளர்ந்த மக்கள், வீதியில் திரள் திரளாய் நின்று அவரை வரவேற்றனர். அதற்கடுத்த ஆண்டு அவ்வூர் தன் பழம்பெயரை மீளப் பெற்றது. மைந்தர் 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் நாள் காலமானார். அவர் தந்தையார் செருப்பின் விலையைப் பாதியாக்கியதும் ஒரு செப்டம்பர் முதல் நாளே.